பெயரில் இந்தியா, ஒலியில் நியூயார்க்

1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து பேர் எட்டு உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது. கிட்டார் வாசித்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். டிரம்ஸ்காரர் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். கீபோர்டுக்காரர் பிராகிலிருந்து வந்தவர், பேஸ் கிட்டார்காரர் டப்ளின்காரர், வயலின்காரர் சிகாகோக்காரர். குழுவின் பெயர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த இசைத்தட்டின் பெயர் ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’.

ராக் இசைக்கு இந்திய ஆன்மிகத்தை ஊட்டிய தட்டு என்றே இதைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். உருப்படிகளின் பெயர்களில் மாயை வருகிறது, தாமரை வருகிறது, ஆவிகளின் சந்திப்பும் விழிப்பும் வருகின்றன. குழுத் தலைவர் ஜான் மெக்லாஃப்ளின் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளை உடையில் மேடையேறி, வாசிக்கத் தொடங்குமுன் ரசிகர்களைச் சற்று நேரம் மௌனமாக இருக்கச் சொல்வார். இத்தனையும் உண்மை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டால் வேறொன்று தெரிகிறது. இந்தியப் பெயர்களைச் சுமந்த இந்தத் தட்டில் இந்திய இசை மிகக் குறைவு. அந்த இசை அவருடைய கிட்டாருக்குள் உண்மையிலேயே வந்து சேர்ந்தபோது மின்சாரம் வெளியேறிவிட்டது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

மெக்லாஃப்ளின் டான்காஸ்டரில் 1942 ஜனவரியில் பிறந்தார். தாய் வயலின் வாசித்தவர். அண்ணன்மார் வீட்டுக்குக் கொண்டுவந்த புளூஸ் தட்டுகளைக் கேட்டுக் கிட்டாருக்கு வந்தார். பிக் பில் புரூன்சி, மடி வாட்டர்ஸ், பிறகு ஜாங்கோ ராயின்ஹார்ட். லண்டனில் 1960கள் முழுக்க வயிற்றுப்பாட்டுக்காக வாசித்தார். கிரஹாம் பாண்ட் குழுவில் ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோருடன் இருந்தார். கூலிக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தார். 1969 பிப்ரவரியில் டிரம்ஸ்காரர் டோனி வில்லியம்ஸ் அழைத்து நியூயார்க் போனார். போய் இறங்கிய சில நாட்களிலேயே ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்ச்சஸ் ப்ரூ’ தட்டில் ஓர் உருப்படிக்கு இவருடைய பெயரையே டேவிஸ் வைத்துவிட்டார்.

வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுதான் மகாவிஷ்ணு குழுவுக்கு நேர்மூத்தது என்பது என் கருத்து. கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் என மூன்றே பேர். அவர்களுடைய ‘எமர்ஜென்சி!’ தட்டில் ஒலி கிழிந்து தொங்குகிறது. ஜாஸ் வாசிக்கும் விரல்களுக்கு ராக் மேடையின் ஒலியளவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற சோதனை அங்கேதான் நடந்தது. சொந்தமாகக் குழு ஆரம்பி என்று டேவிஸ் சொன்னதாக மெக்லாஃப்ளின் பின்னாளில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆரம்பித்தபோது கையிலிருந்த முதல் இதுவே. புளூஸ் கேட்டு வளர்ந்த காது, ஜாஸ் பழகிய விரல், நியூயார்க்கின் இரைச்சல்.

இந்தியா எங்கே வந்தது? ஸ்ரீ சின்மய் வழியாக. 1931-ல் சிட்டகாங் அருகே பிறந்த வங்காளி இவர். சிறுவனாக 1944-ல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து இருபது ஆண்டுகள் இருந்தார். 1964-ல் நியூயார்க் போய்க் குயின்ஸ் பகுதியில் தியானக் கூட்டங்கள் நடத்தினார். 1970-ல் மெக்லாஃப்ளின் அவருடைய சீடரானார். மகாவிஷ்ணு என்ற பெயர் குரு சூட்டியது. ஆக, இந்தக் குழுவின் பெயரை எட்டிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். ஆனால் குரு கொடுத்தது பெயரும் ஒழுக்கமும் நம்பிக்கையும். தாளமும் ராகமும் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டதால்தான் இந்தத் தட்டைப் பற்றிய எழுத்தில் பாதி ஊதுபத்திப் புகையாக இருக்கிறது.

அதே 1971-ல் வெளிவந்த ‘மை கோல்ஸ் பியாண்ட்’ தட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது மின்சாரமற்ற கிட்டார். பாதல் ராய் தபலா வாசித்தார், தம்பூரா மீட்டப்பட்டது. அதில் இந்திய வாத்தியங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. வயலின்காரர் ஜெர்ரி குட்மனும் டிரம்ஸ்காரர் பில்லி காப்ஹமும் அந்தத் தட்டிலேயே அவருடன் சேர்ந்துவிட்டார்கள். அடுத்து குழு அமைத்தபோது தபலாவும் தம்பூராவும் வெளியே போயின. கீபோர்டுக்கு யான் ஹாமர், பேஸுக்கு ரிக் லேர்ட் வந்தார்கள். வயலினுக்கு முதலில் பிரெஞ்சுக்காரர் ஜான் லுக் பான்ட்டியைத்தான் நினைத்திருந்தார்கள். குடியேற்ற அனுமதிச் சிக்கலால் அது நடக்கவில்லை. குட்மன் ‘தி ஃப்ளாக்’ என்ற சிகாகோ ராக் குழுவிலிருந்து வந்தவர் என்பதால் ஒருவகையில் அதுவும் நல்லதற்குத்தான். பான்ட்டி வந்திருந்தால் தட்டு இன்னும் ஜாஸாக இருந்திருக்கும். 1971 ஜூலையில் கிரீனிச் வில்லேஜில் ஜான் லீ ஹூக்கருக்கு முன்னால் வாசிக்கும் துணைக் குழுவாக முதல் மேடை ஏறினார்கள். ஒரு மாதத்தில் தட்டு பதிவானது.

இனி ஒலிக்கு வருவோம். தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’ ஏழு நிமிடம் ஓடுகிறது. முழுத் தட்டின் சூட்சுமமும் அதில் இருக்கிறது. முதலில் கிட்டார் தனியாக. ஒரு சுரக்கூட்டை ஒரே நேரத்தில் அடிக்காமல் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுகிறார். காதுக்கு ஒவ்வாத, நெருடலான சுரங்கள். எண்ணிப் பார்த்தால் பத்து அட்சரத்தில் ஒரு சுற்று. வயலின் மேலே ஒரு நீண்ட ராகமாலை போல ஊர்ந்து வருகிறது. பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. காப்ஹம் மட்டும் ஒரு நடையைத் தொடங்குகிறார். அதன் மேல் கிட்டார் ஏறும்போது அது புளூஸ் என்று தெரிகிறது, மதுக்கடையில் வாசிக்கும் சாதாரண நாட்டுப்புற புளூஸ். ஆனால் கால் தட்டினால் தட்டுத் தப்புகிறது. வழக்கமான புளூஸ் நடையில் இரண்டு சுற்றுக்கு 24 சிற்றடிகள் வரும். இங்கே 20-தான். நான்கைக் காணோம். காதுக்குப் பழகிய பாட்டு ஒன்று, ஒவ்வொரு முறையும் நாம் எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கடைசி நிமிடத்தில் விஷயம் வெளிப்படுகிறது. புளூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த முதல் பத்து அட்சரக் கிட்டார் மீட்டல் திரும்ப வருகிறது, அதன் மேலேயே வந்து உட்காருகிறது. பத்து இரண்டு முறை சுற்றினால் இருபது. தனித்தனியாகக் கேட்டபோது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலிருந்த இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். இந்தக் கட்டுமானம்தான் தட்டின் உச்சம்.

நம் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். இது கோர்வை அல்லவா? மிருதங்கக்காரர் ஒரு கணக்கைப் பல விதமாக உடைத்துச் சமத்தில் கொண்டுவந்து சேர்ப்பது போல அல்லவா? ஓரளவு ஆம். ஆனால் அடிப்படையில் வேறு. கர்நாடக இசையில் தாளம் கையில் இருக்கிறது. பாடுபவர் துடையில் தட்டுகிறார், சபையில் இருப்பவரும் தட்டுகிறார். தாளம் யாருடைய வாத்தியத்திலும் ஒலிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது வெளியே ஓடிக்கொண்டிருப்பதால்தான் எடுப்பு தள்ளி வரலாம், மிருதங்கம் எதிர்நடை வாசிக்கலாம், மூன்று முறை தீர்மானம் வைத்துச் சமத்தில் இறங்கலாம். ரசிகருக்கு எவ்வளவு தள்ளிப் போகிறார்கள் என்று அளக்க ஒரு கோல் கையிலேயே இருக்கிறது.

மகாவிஷ்ணு தட்டில் அந்தக் கோல் கிடையாது. கிட்டார் மீட்டலே தாளம். ஒரு சுரக்கூட்டைப் பிரித்து மீட்டும் வடிவத்தில்தான் கணக்கு இருக்கிறது. அது நின்றால் கணக்கும் நிற்கும். அதனால் ஒருவர் தாளத்தைச் சுமக்க வேண்டும், மற்றவர் பறக்கலாம். பெரும்பாலான உருப்படிகளில் சுமப்பவர் லேர்ட். தட்டின் மிகக் கவனிக்கப்படாத மனிதர் அவர். ஐந்து பேரில் நான்கு பேர் மின்னல் வேகத்தில் ஓடும்போது பேஸ் மட்டும் ஒரே வரியை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அவர் இல்லாவிட்டால் இந்த இசை நொடியில் சிதறிப் போயிருக்கும். பின்னாளில் இசையை விட்டு ஒளிப்படக்காரர் ஆனவர், 2021-ல் இறந்தார்.

‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ இன்னொரு வகை. காப்ஹம் தனியாகத் தொடங்கும் டிரம்ஸ் ஒன்பது கணக்கில். நம்மூரில் ஒன்பதை நான்கும் ஐந்துமாகப் பிரித்துச் சங்கீர்ணம் என்போம். இவர் அப்படிப் பிரிக்கவில்லை. சாதாரணமான எட்டுக் கணக்கு ஃபங்க் நடை ஒன்றை எடுத்து, கடைசியில் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார். ஆட வந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இதுவும் இந்தியாவிலிருந்து வந்ததல்ல, நியூயார்க் தெருவில் கிடைத்த நடையில் ஒரு கல்லைப் போட்டது. ‘டான்’ ஏழு கணக்கு. மிஸ்ர சாபு தெரிந்தவர் காதில் உடனே மூன்று-நான்கு என்று பிரிந்து விழும். ஆனால் அவர்கள் அதை அப்படி எண்ணினார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு அடையாளம், கிட்டாரும் வயலினும் கீபோர்டும் ஒரே வரியை, ஒரே மூச்சில், தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து வாசிப்பது. இதைக் கேட்டு வாய்ப்பாட்டும் வயலினும் சேர்ந்து பாடும் சிட்டைஸ்வரம் என்று சொல்லத் தோன்றும். அதைவிட நேரான மூதாதை இருக்கிறது. 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோனிலும் டிரம்பெட்டிலும் ஒரே வரியைச் சேர்ந்து வாசித்துத் தொடங்கிய வழக்கம் அது. மெக்லாஃப்ளின் அதை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் செருகினார்.

அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சொல்லாமல் கிட்டார் தட்டு பற்றி எழுதுவது பாதி வேலை. அந்த ஆண்டுகளில் மேடையில் அவர் பிடித்திருந்தது கிப்சன் நிறுவனத்தின் இரட்டைக் கழுத்துக் கிட்டார். ஒரு கழுத்தில் 12 தந்தி, இன்னொன்றில் ஆறு. பிரித்து மீட்டும் தாளச் சுற்றுக்கு 12 தந்திக் கழுத்து, தனியாகப் பாய்வதற்கு ஆறு தந்தி. மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை உடையும் அளவுக்குத் திருகி வைத்திருப்பார்கள். அப்படித் திருகினால் ஒலி கிழியும், ஆனால் கிழியும் ஒலி சீக்கிரம் அடங்காது. அடித்த சுரம் நாதஸ்வரத்தின் ஊதல் போல நீண்டு நிற்கும். ஜாஸ் கிட்டாரில் அதற்கு முன் இல்லாத நீளம் அது. ஒரு தந்தியை அடித்ததும் ஒலி செத்துவிடும் வாத்தியத்தில் வயலினோடு சேர்ந்து இழுத்துப் பாட முடியாது. மின்சாரம்தான் கிட்டாரையும் வயலினையும் சமமாக்கியது. இந்தத் தட்டை ராக் தட்டு என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இது ப்ரோக்ரெஸிவ் ராக்கா, ஜாஸ் ராக்கா என்று தட்டுக் கடைகளில் எந்த அலமாரியில் வைப்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. கணக்கும் நீளமும் மேடை அளவும் ப்ரோக்ரெஸிவ் ராக்; கற்பனையாக ஓடும் தனி வாசிப்பு ஜாஸ். வாங்கியவர்கள் ராக் ரசிகர்கள். அடுத்த தட்டான ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973-ல் அமெரிக்கப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை ஏறியது. பாட்டே இல்லாத, 18 கணக்கிலும் 19 கணக்கிலும் ஓடுகிற ஒரு தட்டு அந்த இடத்துக்கு வந்தது இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியாதது. அதில் ஹாமரின் மினிமூக் சின்தசைசர் சேர்ந்துகொண்டது. கிட்டாரைப் போலவே சுரத்தை வளைக்கத் தெரிந்த முதல் கீபோர்டுக்காரர் அவர்தான் என்று நான் சொன்னால் அதிகம் பேர் மறுக்க மாட்டார்கள். ‘இன்னர் மவுண்டிங் ஃபிளேமி’ல் அவரிடம் அந்தக் கருவி இல்லை. மின்பியானோவின் ஒலியைக் கருவி வைத்துத் திருகிக் கரகரப்பாக்கிச் சமாளித்தார்.

தட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘தி நூன்வர்ட் ரேஸ்’ வேகத்தைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. முதல் கேட்பில் மிரட்டும், ஐந்தாம் கேட்பில் களைப்பு. ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ டிரம்ஸும் பேஸும் இல்லாமல் கிட்டார், பியானோ, வயலின் மட்டும் சேர்ந்த மென்மையான உருப்படி. அழகுதான், ஆனால் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது. மாறாக ‘யூ நோ யூ நோ’ எதுவுமே செய்யாதது போலிருந்து எல்லாவற்றையும் செய்கிறது. கிட்டார் ஒரு சிறு வடிவத்தை மீட்டிவிட்டு நிறுத்துகிறது, மறுபடி மீட்டுகிறது. இடைவெளிகளில் காப்ஹம் மட்டும் வெடிக்கிறார். யாரும் தனியாவர்த்தனத்துக்குப் போவதில்லை. இருபது ஆண்டு கழித்து, 1991-ல், பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் குழு தங்கள் ‘ஒன் லவ்’ பாட்டுக்கு இந்த மீட்டலைத்தான் எடுத்துக்கொண்டது. வேகமான உருப்படிகள் அன்றைய கிட்டார்காரர்களுக்குப் பாடமாயின. மெதுவான இந்த ஒன்று காலத்தைத் தாண்டியது.

குழு நீடிக்கவில்லை. எல்லா உருப்படிக்கும் இயற்றியவராக மெக்லாஃப்ளின் பெயரே போடப்பட்டதில் மற்றவர்களுக்கு மனக்கசப்பு. குருவின் சீடராக இருந்தவர் ஒருவர், மற்ற நால்வருக்கு அதில் ஈடுபாடு இல்லை. 1973-ல் லண்டன் ட்ரைடன்ட் கூடத்தில் மூன்றாம் தட்டுக்குப் பதிவு செய்தார்கள். அதில் ஹாமரும் குட்மனும் லேர்டும் தாங்கள் இயற்றியதை வாசித்தார்கள். தட்டு வெளிவரவில்லை. 1999 வரை பெட்டிக்குள் கிடந்தது. 1973 முடியும்போது முதல் குழுவும் முடிந்துவிட்டது. ஹாமர் பிறகு ஜெஃப் பெக்குடன் வாசித்தார், ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடருக்குப் போட்ட இசை 1985-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

இந்தியா உண்மையாக உள்ளே வந்த கதை இதற்கு இணையாக இன்னொரு ஊரில் நடந்தது. மகாவிஷ்ணு குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே மெக்லாஃப்ளின் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் வீணை படித்தார். ஆசிரியர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கர்நாடக சங்கீத வித்வான். வெஸ்லியனில் அப்போது வயலின் கலைஞர் எல். சங்கரும் ஆராய்ச்சி மாணவர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த இசைக் குடும்பத்துப் பிள்ளை. இந்தத் தொடர்பில் உருவானதுதான் சக்தி குழு. சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். மெக்லாஃப்ளின் கையில் மின்சாரம் இல்லாத கிட்டார்.

அந்தக் கிட்டாரையே மாற்ற வேண்டியிருந்தது. ஏப் வெக்டர் என்ற தச்சுக் கலைஞர் அவருக்குச் செய்து கொடுத்த வாத்தியத்தில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கியிருந்தார். விரல் மரத்தில் படாது, தந்தியை அழுத்தியும் இழுத்தும் வளைக்கலாம். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் தந்தியை இழுத்து கமகம் கொண்டுவருவதைப் போன்ற ஏற்பாடு. வாசிக்கும் தந்திகளுக்குக் குறுக்காக ஏழு அனுநாதத் தந்திகளும் கட்டப்பட்டன, சுருதிக்காக. மின்சாரம் செய்து கொடுத்த நீளத்தை இப்போது மரமும் தந்தியும் வேறு வழியில் செய்ய வேண்டியிருந்தது. கமகத்தைக் கற்ற பிறகுதான் அவருக்கு வாத்தியத்தின் உடலே மாற வேண்டும் என்று தெரிந்தது. 1971-ல் அப்படி ஒரு தேவை எழவே இல்லை. அப்போது வாசித்தது எதுவும் கமகம் கேட்கவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் ‘இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’ மீது படிந்துள்ள காவி நிறத்தைத் துடைத்துவிட்டுக் கேட்பதே அதற்குச் செய்யும் நியாயம். இந்தியாவை அரைகுறையாகக் காப்பியடித்த தட்டாக அதைப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தியாவின் ஆழத்தை மேற்குக்குக் கொண்டுபோன தட்டாகப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் உறையைத்தான் படிக்கிறார்கள். மைல்ஸ் டேவிஸிடமும் டோனி வில்லியம்ஸிடமும் புளூஸ் தட்டுகளிடமும் கற்ற ஒருவர் தன் பாடத்தின் எல்லைவரை போய்ப் பார்த்த பதிவு அது. பக்தியை வேகமாக மாற்றினார், கணக்காக அல்ல. கணக்கைப் பின்னாளில் விநாயக்ராமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றார்.

அந்தத் தொடர்ச்சி நெடுங்காலம் நீடித்தது. சக்தி குழு 2023-ல் வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ தட்டில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசித்தார். ஜாகிர் உசேனும் சங்கர் மகாதேவனும் வயலின்காரர் கணேஷ் ராஜகோபாலனும் உடன் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருது கிடைத்தபோது மெக்லாஃப்ளினுக்கு வயது 82.

புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு ஒரு யோசனை. முதல் உருப்படியிலிருந்து தொடங்க வேண்டாம். ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வைப் போட்டு, கிட்டார் தொடங்கியதும் துடையில் பத்து எண்ணுங்கள். புளூஸ் வரும்போது கணக்கு தப்பும், பரவாயில்லை, விடாமல் இருபது எண்ணிப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் இரண்டும் சேருமிடத்தைக் கை பிடித்துவிட்டால், மற்ற ஏழு உருப்படிகளுக்கும் வேறு விளக்கவுரை தேவைப்படாது.